வெள்ளைத் தாளில் வெள்ளை முயல்

கேள்வி: மகன் டொரன்டோவில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். குளிர்கால விலங்கு ஓவியம் வரையும் நாளில் உதவிக்கு வரச்சொல்லி ஆசிரியை கேட்டிருக்கிறார். வீட்டில் முயன்று பார்த்தோம். வெள்ளைத் தாளில் முயல் தெரியவே இல்லை. சாம்பல் நிறம் பூசினால் அழுக்கு முயலாகிவிட்டது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, டொரன்டோ

பதில்: சகோதரி, முதலில் நீலத்தைக் கையில் எடுங்கள்.

ஒரு பிப்ரவரியில் மகளோடு உங்கள் ஒன்டாரியோவின் அல்கோன்குவின் பூங்காவுக்குப் போயிருந்தேன். நல்ல வெயில். பனிமேல் விழுந்த மர நிழல் அத்தனையும் நீலம். வெயில் படாத இடத்துக்கு வானத்து வெளிச்சம்தானே வரும்! அந்த நீலத்துக்கு நடுவே இரண்டு கறுப்புப் புள்ளிகள் அசைந்தன. உற்றுப் பார்த்த பிறகுதான் முயல் தெரிந்தது. கோடையில் பழுப்பாக இருக்கும் பனிமுயல், பகல் குறையக் குறைய வெளுத்துவிடும். காது நுனி மட்டும் கறுப்பாகவே இருக்கும். 22 வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்த எனக்கு, வெள்ளையைச் சுற்றித்தான் தீட்ட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் முழுசாகப் பிடிபட்டது.

சரி, வகுப்புக்கு வருவோம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள வாட்டர்கலர் தாள் வாங்குங்கள். மெல்லிய தாள் ஈரம் பட்டதும் நெளிந்துவிடும். பென்சிலால் முயலை மெலிதாக வரைந்து, உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு கிரேயானை அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். காது நுனியையும் கண்ணையும் விட்டுவிட வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் அப்புறம் கறுப்பு ஏறாது. "ஒண்ணுமே தெரியலையே" என்று பிள்ளைகள் சொல்வார்கள். சொல்லட்டும். பிறகு நீலத்தைத் தண்ணீராகக் கரைத்து, அகலமான பிரஷ்ஷால் தாள் முழுக்க இழுக்க வேண்டும். மெழுகில் வண்ணம் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விலகும். முயல் வெள்ளையாக எழுந்து வரும். என் வகுப்பில் ஒரு சிறுமி அதைப் பார்த்ததும் பிரஷ்ஷை வைத்துவிட்டு, முயல் ஓடிவிடும் என்பதுபோல் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பனி விழுவதற்கு உப்பு. ஈரத்தின் பளபளப்பு குறையத் தொடங்கும்போது ஆளுக்கு ஒரு சிட்டிகை தூவச் சொல்லுங்கள். வண்ணம் குளமாக நிற்கும்போது போட்டால் உப்பு கரைந்துவிடும். காய்ந்த பிறகு போட்டால் பயனில்லை. தூளுப்பு பொடிப் புள்ளிகள் தரும், கல்லுப்பு பூப்பூவாக விரியும். நன்றாகக் காய்ந்த பிறகே தட்டிவிட வேண்டும். அதனால் இரண்டு பாடவேளையாகப் பிரித்துக்கொள்ளும்படி ஆசிரியையிடம் கேளுங்கள்.

இரண்டாவது பாடவேளையில் வயிற்றுக்குக் கீழே கொஞ்சம் அடர்ந்த நீலத்தில் நிழல் போட்டால் முயல் தரையில் உட்கார்ந்துவிடும். துருவக் கரடி கேட்கிற பிள்ளைக்கும் இதே முறைதான். அதன் ரோமத்துக்கு நிறமே கிடையாது, உள்ளே தோல் கறுப்பு என்று சொல்லிப் பாருங்கள், கண் விரியும். பக்கத்தில் பென்குயின் மட்டும் வேண்டாம். வட துருவத்தில் அது இல்லை.

கடைசியாகக் காது நுனிக்கும் கண்ணுக்கும் கறுப்பு. அதைப் பிள்ளைகளே வைக்கட்டும், கோணலானாலும் நீங்கள் திருத்த வேண்டாம். கண் காய்ந்ததும் பல்குச்சி நுனியால் போஸ்டர் வெள்ளையில் ஒரே ஒரு பொட்டு, அவ்வளவுதான்.