இரு பரிமாணக் குவாண்டம் கொந்தளிப்பில் எது 'பெரிதாகிறது'?

கேள்வி: சாதாரணக் கொந்தளிப்பில் பெரிய சுழல் உடைந்து சிறிதாகிறது. தட்டையான மீப்பாய்மத்தில் (உராய்வின்றி ஓடும் பாய்மத்தில்) ஆற்றல் சிறியதிலிருந்து பெரியதற்குப் போகும் என்கிறார்கள். அங்கே எல்லாச் சுழல்களும் ஒரே அளவுதானே?

ஒரே அளவுதான். தனிச் சுழி எதுவும் அங்கே வளர்வதில்லை.

ரூபிடியம்-87 அணுக்களை மிகக் கடுமையாகக் குளிர்வித்து, ஒளியால் தட்டையாக அழுத்தி வைத்த மீப்பாய்மத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு சுழியைச் சுற்றிய சுழற்சி, பிளாங்க் மாறிலியை அணு நிறையால் வகுத்த அளவு: வினாடிக்குச் சுமார் 0.0046 சதுர மில்லிமீட்டர். அரைச் சுழி, கால் சுழி கிடையாது. வலம், இடம் என்ற வேறுபாடு மட்டும் உண்டு. தமிழில் சுழி என்றால் ஆற்றுச் சுழலும்தான், பூஜ்யமும்தான். இங்கே இரண்டும் பொருந்தும், சுழியின் நடுவில் அடர்த்தி பூஜ்யம்.

ஆற்றலின் பெரும்பகுதி சுழியைச் சுற்றி ஓடும் பாய்மத்தில் இருக்கிறது. எதிரெதிர்ச் சுழிகள் இரண்டு நெருங்கினால் வெளியே அவற்றின் ஓட்டங்கள் ஒன்றையொன்று ரத்துசெய்துகொள்ளும், ஆற்றல் குறைவு. அந்த ஜோடி நேர்கோட்டில் ஓடும். 10 மைக்ரோமீட்டர் இடைவெளி என்றால் வினாடிக்கு 70 மைக்ரோமீட்டர் போல. ஒரே திசைச் சுழிகள் கூடினால் ஓட்டங்கள் ஒன்றோடொன்று சேரும். தள்ளி நின்று பார்த்தால் ஒரே பெரிய சுழல். பெரிதாவது இந்தக் கூட்டம்தான்.

1949-இல் அறிவியலாளர் லார்ஸ் ஆன்சாகர் இதை எதிர்பார்த்தார். அடைபட்ட பரப்பில் சுழிகள் உட்காரும் இடத்துக்கு வரம்பு உண்டு. ஆற்றலை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, குறையும். அதன் பெயர் எதிர்ம வெப்பநிலை. பூஜ்யத்துக்கும் கீழான குளிர் என்று நினைத்துவிடாதீர்கள், எல்லா நேர்ம வெப்பநிலையையும் விட அது சூடு.

சரி, அந்தச் சூட்டை யார் ஏற்றுவது? ஒருமுறை மடிக்கணினியில் 50 வலச் சுழி, 50 இடச் சுழி தூவி இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையிலும் அதே கலவரம். நிரலில் குறி தப்பு என்று இரண்டு நாள் தேடினேன், தப்பே இல்லை. அப்புறம் ஒரே ஒரு விதியைச் சேர்த்தேன்: எதிரெதிர்ச் சுழிகள் மிக நெருங்கினால் இரண்டையும் அழித்துவிடு. மிச்சமிருந்தவை மெல்ல மெல்ல வலம் ஒரு பக்கம், இடம் ஒரு பக்கம் என்று ஒதுங்கின. அழியும் ஜோடி கொண்டுபோகும் ஆற்றல் கொஞ்சம், ஆனால் தலைக்கணக்கில் இரண்டு குறைகிறது. மிச்சமிருப்பவற்றின் சராசரி ஏறுகிறது. காபியில் வேகமான மூலக்கூறுகள் வெளியேறுவதால் அது ஆறுகிறது. இங்கே ஏழைகள் வெளியேறுவதால் சூடேறுகிறது. சிமுலா, டேவிஸ், ஹெல்மர்சன் 2014-இல் இதை ஆவியாதல் சூடேற்றம் என்றார்கள்.

2019-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, மொனாஷ் பல்கலைக்கழகக் குழுக்கள் இந்தக் கூட்டங்களை நேரில் காட்டின. குயின்ஸ்லாந்தில் ஒளித் துடுப்பால் கிளறினார்கள், மொனாஷில் ஒளிக் கம்பிவலையை இழுத்தார்கள்.

ஆனாலும் 'ஆற்றல் எப்போதும் மேல்நோக்கித்தான், அதாவது சிறியதிலிருந்து பெரியதற்குத்தான் போகும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாதாரண இரு பரிமாணப் பாய்மத்தில் இயற்பியலாளர் கிரைக்னன் 1967-இல் காட்டிய இந்தத் தலைகீழ் ஓட்டத்துக்கு, என்ஸ்ட்ரோபி என்ற சுழற்சி அளவு மாறாமல் இருப்பது அடிப்படை. இங்கே அது கிட்டத்தட்டச் சுழிகளின் எண்ணிக்கை, ஜோடிகள் அழிய அழியக் குறையும். 2010-இல் நுமசாட்டோ, சுபோட்டா, ல்வோவ் கணினியில் கண்டது கீழ்நோக்கிய ஓட்டம். 2013-இல் ரீவ்ஸ் குழு, தொடர்ந்து கிளறிய பாய்மத்தில் கண்டது மேல்நோக்கிய ஓட்டம். எனக்கு இது முரணாகப் படவில்லை: எப்படிக் கிளறுகிறோம், எத்தனை ஜோடிகள் ஒலி அலையாகக் கரைகின்றன என்பதைப் பொறுத்தது. அணுக்களைப் பிடித்து வைக்கும் பொறி கிண்ண வடிவில் இருந்தால் கூட்டம் சேர்வது சிரமம், தட்டையான அடி வேண்டும்.

நீங்களே நிரல் எழுதினால் வட்டச் சுவருக்கு வெளியே பிம்பச் சுழிகளை (ஓட்டம் சுவரைத் தாண்டாமல் தடுக்கும் கற்பனைச் சுழிகளை) வைக்க மறக்காதீர்கள். நான் முதலில் மறந்தேன். ஜோடிகள் சுவரைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தன.