இளங்கலை உளவியல் படித்தாலும் மனநல ஆலோசகராக முடியாது என்றால், லிபரல் ஆர்ட்ஸ் (பல துறைகளையும் சேர்த்துப் படிக்கும்) கல்லூரிகளில் அதை எதற்காக நடத்துகிறார்கள்?

நீங்கள் இன்னும் கல்லூரியில் சேரவில்லை என்றும், ‘இதைப் படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய்?’ என்று வீட்டில் யாரோ துளைத்தெடுக்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். என்னையும் அப்படித்தான் கேட்டார்கள். சிகிச்சை அளிக்க மேற்படிப்பும், மேற்பார்வையின் கீழ் பெறும் பயிற்சியும், பல நாடுகளில் உரிமமும் தேவை என்பது உண்மையே. ஆனால் இளங்கலைப் படிப்பு அந்த ஆலோசகரின் அரைகுறை வடிவம் அன்று. அதன் நோக்கமே வேறு. மனித நடத்தையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் ‘அது எப்படித் தெரியும்?’ என்று கேட்கவும், அதற்கான விடையை முறையாகத் தேடவும் பழக்குவதுதான் அது.

அமெரிக்க உளவியல் சங்கம் 2013இல் வெளியிட்ட இளங்கலை வழிகாட்டுதல் ஐந்து இலக்குகளைச் சொன்னது: துறையறிவு, அறிவியல் முறையிலான விசாரணையும் விமர்சனச் சிந்தனையும், அறநெறியும் சமூகப் பொறுப்பும், தகவல் தொடர்பு, தொழில்சார் வளர்ச்சி. கடைசி இரண்டையும் எந்தத் துறையும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது எனக்குப் புரிந்தது ஆய்வு முறையியல் வகுப்பில்.

பேனாவைப் பற்களால் கவ்வினால் முகத்தசைகள் புன்னகைக்கும் நிலைக்குப் போகும். உதடுகளால் பிடித்தால் அது தடைபடும். பற்களால் கவ்வியவர்களுக்குக் கேலிச்சித்திரங்கள் கூடுதல் வேடிக்கையாகத் தெரிந்தன என்று 1988இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. பாடநூல்களில் இடம்பிடித்த அந்தச் சோதனையை எங்கள் குழு வகுப்பிலேயே செய்து பார்த்தது. இரு பிரிவினரும் கேலிச்சித்திரங்களுக்குத் தந்த மதிப்பெண்களுக்கு இடையே சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. உதடுகளால் பேனாவைப் பிடித்திருந்த இருவர் சிரித்துக் கீழே போட்டுவிட்டதால் அவர்களை நீக்கிவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நீக்கினால் எண்கள் நமக்குச் சாதகமாகச் சற்று நகரும். பேராசிரியர் கேட்டது ஒன்றே ஒன்று: “இந்த விதியைத் தரவுகளைப் பார்ப்பதற்கு முன் எழுதி வைத்தீர்களா?” எழுதி வைக்கவில்லை. எனவே இருவரும் கணக்கில் இருந்தார்கள், ‘வேறுபாடு காணப்படவில்லை’ என்றே அறிக்கை போனது, நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அதே சோதனையை 17 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து மீண்டும் நடத்தி, மூல ஆய்வின் விளைவு கிடைக்கவில்லை என்று 2016இல் அறிவித்தன.

இதைச் சொன்னதும் ‘அப்படியானால் உளவியலே பொய்தானே’ என்று கிளம்புவார்கள் என்பதை அறிவேன். தன் பாடநூலில் உள்ளதைத் தானே சோதித்து, தேறாததைத் தேறவில்லை என்று வெளியிடும் துறையைப் பொய் என்று எப்படிச் சொல்வது? மருத்துவ உளவியலாளர்களும் என்மீது பாய வேண்டாம். அவர்கள் பணியை நான் குறைத்துப் பேசவில்லை.

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இதையே படிப்பதன் தனிப்பயன், பக்கத்து வகுப்பில் தத்துவமும் உயிரியலும் படித்துக்கொண்டிருப்பதுதான். 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம், இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி தருவதாகப் பங்கேற்பாளர்களை நம்பவைத்துக் கீழ்ப்படிதலைச் சோதித்ததைப் பற்றி உளவியல் வகுப்பில் படித்த அதே பருவத்தில், ஒருவரை ஏமாற்றிப் பெறும் அறிவுக்கு என்ன நியாயம் என்று அறவியல் வகுப்பில் வாதிட்டோம். ஆய்வில் பங்கேற்போரிடம் நாங்கள் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவம் அதற்குப் பிறகு வெறும் காகிதமாகத் தெரியவில்லை.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நான் படித்த கல்லூரியில் இறுதியாண்டு ஆய்வேட்டை விருப்பப் பாடமாக மாற்றிவிட்டார்கள். மேற்பார்வையிட ஆசிரியர்கள் போதவில்லையாம். ஆனால் விளக்கக் கையேட்டில் ‘ஆய்வு நோக்குடைய படிப்பு’ என்ற வரி அப்படியே இருக்கிறது. ஆகவே கையேட்டின் முதல் பக்கத்தை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். புள்ளியியல் எந்தப் பருவத்தில் வருகிறது, ஆய்வேடு கட்டாயமா, மாணவர்கள் தாங்களே தரவு திரட்டுகிறார்களா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். சென்ற ஆண்டின் ஆய்வேடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.