ஊரடங்கில் அலுவலகம் வரச் சொன்னால் மறுக்க முடிந்ததா?

2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று மேலாளரிடம் மல்லுக்கட்டியவர்களுக்குச் சட்டம் துணை நின்றதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் சில வாரங்கள், நின்றது. வீட்டிலிருந்து வேலை என்பதைத் தனி உரிமையாகச் சட்டம் தரவில்லை; அலுவலகம் திறப்பதே தப்பு என்றானதுதான் கைகொடுத்தது. மார்ச் 24 அன்று உள்துறை அமைச்சகம் தனியார் நிறுவனங்களை மூடச் சொன்னது. ஐ.டி.க்கு விலக்கு அத்தியாவசியச் சேவைக்கு மட்டும், அதுவும் இயன்றவரை வீட்டிலிருந்தே. மீறினால் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை.

நான் அப்போது ஒரு டைல்ஸ் கடையில், டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். "டேலி ஆபீஸ்லதானே இருக்கு, பைக்ல வந்துட்டுப் போங்க" என்றார் மேலாளர். கையோடு லெட்டர்பேடில் 'அத்தியாவசியப் பணி' என்று ஒரு கடிதமும் வாட்ஸ்அப்பில் வந்தது. டைல்ஸ் எப்போது அத்தியாவசியம் ஆனதோ! "போலீஸ் வண்டியைப் பிடிச்சா யார் பொறுப்புன்னு மெயில்ல போட்டுடுங்க சார், வர்றேன்" என்றேன். மெயில் வரவில்லை, மறுநாள், அலுவலகக் கணினியை வீட்டிலிருந்தே இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியின் எண் வந்தது. எழுத்தில் கேட்பது அவ்வளவு வேலை செய்யும்.

தளர்வுகள் வந்தபின் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. சம்பளத்திலும் அப்படித்தான்: முழு ஊதியம் தரச் சொன்ன மார்ச் 29 உத்தரவு மே 18 முதல் விலக்கப்பட்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது.