மூன்று நொடி பொறுத்துப் பாருங்கள், டீச்சர்

கேள்வி: பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஆசைப்பட்டு வந்த வேலைதான். ஆனால் இப்போது ஞாயிறு மாலையானாலே எனக்கு மனசு கனக்கிறது. ராத்திரி வெகுநேரம் விழித்துப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வகுப்பில் நான் கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நோட்டுத் திருத்தி மாளவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் குரலை உயர்த்தாமலே சமாளிக்கிறார், என் வகுப்புச் சத்தமோ வராந்தா வரை கேட்கிறது. கடைசி பெஞ்சில் ஒரு மாணவன் இருக்கிறான். இந்த ஆண்டு முழுக்க ஒரு வரி எழுதியதில்லை. ஏன் என்று தெரியவில்லை. எனக்கு இந்த வேலை வராது என்று விட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படிக்கும்போது என்னுடைய ஆரம்ப நாட்கள்தான் கண்ணில் நின்றன. முப்பது ஆண்டுக்கு மேல் கணக்கு நடத்தியவள் நான். அந்த முதல் ஆண்டில், மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடிவந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். உங்கள் ஞாயிறு மாலை எப்படியிருக்கும் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் தடவை படித்தபோது வேறொன்று தெரிந்தது. கடிதம் முழுக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள். நான் கேட்டால் பதில் இல்லை, என் வகுப்பில் சத்தம், எனக்கு வராது. குறையாகச் சொல்லவில்லை. பிரான்சஸ் ஃபுல்லர் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர், ஆசிரியர்களின் கவலைகளைப் பற்றி 1969-ல் ஒரு கட்டுரை எழுதினார். புதிதாக வருகிறவர்களின் கவலை பெரும்பாலும் தங்களைப் பற்றியே இருக்கிறது: சமாளிப்பேனா, மதிப்பார்களா, பாடம் எனக்கே சரியாகத் தெரியுமா? பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்ற பக்கம் கவலை திரும்புவது அதற்குப் பிறகுதான். ஆக, நீங்கள் நிற்பது பலரும் நின்றுவிட்டுப் போன இடம்.

அந்தத் திருப்பம் தானாக வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 'இன்றைக்கு எப்படி நடத்தினேன்?' என்று கேட்டுக்கொள்வதை விட்டுவிட்டு, 'இன்றைக்கு அவர்களுக்கு எது விளங்கவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்குப் பதிலே கிடையாது, தூக்கம்தான் போகும். இரண்டாவதற்குப் பதிலைக் கையில் வாங்கிவிடலாம். கடைசி ஐந்து நிமிடத்தில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், மார்க் வேண்டாம்.

பின்னங்களைப் பிரமாதமாக நடத்திவிட்டோம் என்ற நினைப்பில் ஒருநாள் நான் அப்படிச் சீட்டு வாங்கினேன். மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்றுதான் பெரியது என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். மூன்றைவிட நான்கு பெரியதில்லையா, அதனால்! அன்று ராத்திரி வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் எங்கே தொடங்க வேண்டும் என்று முதல் தடவையாக எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

கேள்வி கேட்டால் ஒருவரும் பேசுவதில்லை என்கிறீர்கள். கேட்ட பிறகு எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள் என்று கவனித்ததுண்டா? மேரி பட் ரோ என்பவர் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1970-களில் அந்த முடிவுகளை வெளியிட்டார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளையைக் கேட்டார்கள், அல்லது தாங்களே சொல்லிவிட்டார்கள். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று நொடிதானே என்று தோன்றும். வகுப்பின் முன்னால் நின்று பாருங்கள், அது ஒரு யுகம். நான் மேசைக்குக் கீழே விரல் விட்டு எண்ணித்தான் பழகினேன்.

அப்புறம் நோட்டு. எல்லா நோட்டிலும் எல்லாத் தவறையும் திருத்துவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ரூத் பட்லர் என்ற கல்வி ஆய்வாளர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில் சில மாணவர்களுக்கு மார்க் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள். மார்க்கும் சேர்த்துக் கொடுத்தால் குறிப்பு எடுபடவில்லை. பிள்ளைகள் மார்க்கைப் பார்த்ததும் நோட்டை மூடிவிடுவதை நாம்தான் தினமும் பார்க்கிறோமே! ஒரு நோட்டுக்கு ஒரே ஒரு குறிப்பு போதும். அடுத்த முறை அவர்கள் செய்து பார்க்கக் கூடியதாக இருக்கட்டும். மார்க் போட்டே ஆக வேண்டிய தேர்வுகளுக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சத்தத்துக்கு, அந்தப் பக்கத்து வகுப்பு ஆசிரியரையே கேட்டு ஒரு பீரியட் பின்னால் உட்காருங்கள். பாடம் தொடங்குகிற முதல் ஐந்து நிமிடம் அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் பாருங்கள்.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும்? பல ஆண்டு கழித்து யாராவது தேடிவந்து நன்றி சொல்வார்கள் என்று ஆறுதல் சொல்வார்கள். நடக்கும்தான். ஆனால் அதை நம்பித் திங்கட்கிழமை வகுப்புக்குள் போக முடியாது. என்னை இத்தனை ஆண்டு நிறுத்தி வைத்தது வேறு. அந்தப் பின்னக் கணக்கு நடந்த வாரத்தில், ஒரு சிறுமி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "ஒரே கயிறுடி. மூணு பேருக்கு வெட்டினா பெரிய துண்டு கிடைக்குமா, நாலு பேருக்கு வெட்டினாலா?" நான் கயிற்றைப் பற்றிப் பேசவே இல்லை. அது அவளே கண்டுபிடித்தது. இன்றைக்கு நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

வேலையை விடுவது தவறு என்று சொல்ல மாட்டேன். தூக்கமும் உடம்பும் தொடர்ந்து கெட்டால் மருத்துவரைப் பாருங்கள், தயங்க வேண்டாம். ஆனால் ஆண்டின் நடுவில், இந்தக் களைப்பில் முடிவெடுக்காதீர்கள். நான் அப்படிச் சொல்வதற்குக் காரணம் அந்தக் கடைசி பெஞ்ச் மாணவன். கடிதத்திலேயே அவனைப் பற்றிய இடத்தில் மட்டும்தான் நீங்கள் உங்களை மறந்து ஒரு பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 'ஏன் என்று தெரியவில்லை' என்று யோசித்திருக்கிறீர்கள். நான் அப்படி யோசிக்கவில்லை. என் வகுப்பில் அதேபோல ஒருவன் இருந்தான், சோம்பேறி என்று முடிவு கட்டியிருந்தேன். கரும்பலகை எழுத்து அவனுக்குத் தெரியவில்லை என்று எட்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது. இன்றும் உறுத்துகிறது.

உங்கள் மாணவனுக்கும் கண்ணாக இருக்கலாம், வாசிக்கவே திணறலாம், போன ஆண்டுப் பாடம் விட்டுப்போயிருக்கலாம், வீட்டில் ஏதாவது இருக்கலாம். எல்லோர் முன்னாலும் எழுப்பிக் கேட்காதீர்கள். இடைவேளையில் போய் அவன் பக்கத்தில் உட்காருங்கள். பாடத்தைப் பற்றிய பேச்சு அன்றைக்கு வேண்டாம். ஏதாவது கேளுங்கள், கேட்டுவிட்டு அங்கேயும் மூன்று நொடி பொறுங்கள்.