நீங்கள் வாழும் ஊரை முதலில் பண்படுத்திய விவசாயக் குடும்பம் எது? அவர்களின் கதை என்ன?

நான் இருப்பது நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் டீன்ஸ் குடும்பம் என்றுதான் சொல்வார்கள். அவர்களுடைய ரிக்கர்டன் வீட்டு வளாகத்தில் சனிக்கிழமை காலையில் உழவர் சந்தை கூடும். காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அங்கே ஒரு சின்ன மரக்குடில் கண்ணில் படும். 1843-ல் கட்டியது. இந்த ஊர் இருக்கும் கேன்டர்பரி சமவெளியில் இன்றைக்கும் நிற்கிற கட்டடங்களில் அதுதான் மிகப் பழையது.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த பக்திமான்களான கணவன் மனைவி இருவரும் சேர்ந்து பாடுபட்டுப் பண்ணை அமைத்து, பேரன் பேத்தி எடுத்தார்கள் என்றுதான் முதலில் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஜான், ஜேன் என்ற அந்தத் தம்பதி இந்த மண்ணில் சேர்ந்து வாழ்ந்தது வெறும் 16 மாதம்.

ஆரம்பித்தவர்கள் அண்ணனும் தம்பியும். அண்ணன் வில்லியம் 1840-ல் நியூசிலாந்துக்கு வந்தார், தம்பி ஜான் 1842-ல். 1843-ல் மேன்சன், கெபி என்ற இரண்டு வேலையாள் குடும்பங்களோடு இந்தச் சமவெளியில் குடியேறினார்கள். ஆற்றில் படகில் சாமான் ஏற்றி வந்தபோது ஓரிடத்துக்கு மேல் ஆழம் போதவில்லை. புகைபோக்கி கட்டக் கொண்டுவந்த செங்கற்களை அங்கேயே கரையில் இறக்கினார்கள். அந்த இடத்துக்கு 'பிரிக்ஸ்', அதாவது செங்கல் என்றே பேர் நிலைத்துவிட்டது. ஆணியை மறந்துவிட்டு வந்ததால் முதல் கொட்டகையை மர முளை அடித்தே கட்டினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. ஊருக்கு நடுவே ஓடும் ஏவன் ஆறும் அவர்கள் வைத்த பெயர்தான். ஷேக்ஸ்பியர் ஊர் ஆற்றின் பெயர் என்று பலர் நினைப்பார்கள். இது ஸ்காட்லாந்தில் அவர்கள் தாத்தா நிலத்தை ஒட்டி ஓடிய ஓடையின் பெயர்.

நிலம் யாருடையது? நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளில் ஒரு பிரிவினரான ஙாய் தாஹு மக்களுடையது. ('ஙப்போல் வளை'க்கு அப்புறம் ங-வில் தொடங்கும் சொல்லை இங்கே வந்துதான் பார்த்தேன்.) 1846-ல் அவர்களிடம் ஆண்டுக்கு 8 பவுண்டுக்கு 21 வருடக் குத்தகை எழுதினார்கள். பல மைல் பரந்த நிலத்துக்கு எட்டே பவுண்டு! ஆனாலும் கேட்டுத்தான் எடுத்தார்கள். இரண்டே வருடத்தில் அரசாங்கம் அதே மக்களிடமிருந்து ஏறக்குறைய 2 கோடி ஏக்கரை 2,000 பவுண்டுக்கு எழுதி வாங்கியது. அதோடு ஒப்பிட்டால் டீன்ஸ் சகோதரர்கள் எவ்வளவோ தேவலை.

1850-ல் இங்கிலாந்திலிருந்து நான்கு கப்பல்களில் ஆங்கிலிகன் குடியேறிகள் வந்து இறங்கினார்கள். இந்த ஊரே இங்கிலாந்து திருச்சபைக்காரர்களுக்காகத் திட்டமிட்டது. அவர்களுக்கு முன்பே ஏழு வருடமாக இங்கே விவசாயம் செய்துகொண்டிருந்தவர்களோ பிரஸ்பிட்டேரியன்கள். பிஷப் என்ற பதவியே வேண்டாம், மூப்பர்கள் கூடிச் சபையை நடத்தட்டும் என்கிற ஸ்காட்லாந்து வழி. சென்னை எழும்பூரில் 'கர்க்' என்று சொல்வோமே, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், அதுவும் அதே ஸ்காட்லாந்து வழியில் வந்ததுதான்.

1851-ல் வில்லியம் கப்பல் விபத்தில் கடலில் மூழ்கி இறந்துபோனார். அடுத்த வருடம் ஜான் ஸ்காட்லாந்து போய் ஜேன் மெக்கில்ரெய்த்தைக் கல்யாணம் செய்தார். 1853 பிப்ரவரியில் லிட்டல்டன் துறைமுகத்தில் ஜேன் வந்து இறங்கும்போது வயது 29. ஆகஸ்டில் மகன் பிறந்தான், அவனும் ஜான். மறுவருடம் ஜூனில் கணவர் காசநோயில் போய்விட்டார். வயது 34.

பத்து மாதக் குழந்தையோடு எந்தப் பெண்ணும் அம்மா வீட்டுக்குக் கப்பல் ஏறியிருப்பாள். ஜேன் போகவில்லை. டக்ளஸ் கிரகாம் என்பவர் ரிக்கர்டன் பண்ணையைப் பார்த்துக்கொண்டார். ஜேனின் தம்பி ஜேம்ஸ் ஹோம்புஷ் என்ற மேய்ச்சல் நிலத்தைக் கவனித்தார். 1856-ல் குடிலை விட்டுப் புது வீட்டுக்குக் குடிபோனார் ஜேன். அதே வருடம் பிரஸ்பிட்டேரியன் பாதிரியார் சார்ல்ஸ் ஃப்ரேசர் வந்தார், அடுத்த வருடம் இங்கேயும் ஒரு செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் எழுந்தது. மரத்தால் ஆன அந்தத் தேவாலயத்தை 1986-ல் பெயர்த்துக் கொண்டுபோய் ஒரு பெண்கள் பள்ளி வளாகத்தில் வைத்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

மகனுக்கு 21 வயது ஆகும்வரை சொத்து சிதறாமல் காத்தவர் அந்த அம்மாள்தான். மகன் ஈடித் பார்க்கை மணந்து 12 பிள்ளைகள் பெற்றார். பேரப்பிள்ளைகளுக்கு ஜேன் எழுதிய கடிதங்கள் அவர் காலத்துக்குப் பிறகு புத்தகமாகவும் வந்தன. 1911-ல், 87 வயதில் இறந்தார். 56 வருடம் கைம்பெண்ணாகவே வாழ்ந்தவர். 'தம்பதியின் வரலாறு' என்று சொல்வதில் எனக்கு ஒரு நெருடல் இருப்பது இதனால்தான்.

இந்தக் குடும்பத்துக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காடு. மாவோரி மொழியில் அதற்குப் புதாரிங்கமோத்து என்று பெயர். எதிரொலி கேட்கும் இடம் என்று ஒரு பொருள் சொல்வார்கள், வெட்டுண்ட காது என்று இன்னொன்று. மற்ற காடெல்லாம் போய், தனியாகத் துண்டுபட்டு நின்றதால் வந்த பெயராம். குடியேறிகள் பங்குக்குப் போன பாதியை மரத்துக்காக வெட்டித் தீர்த்தார்கள். மீதிப் பாதியைத் தொடாமல் காப்பாற்று என்பது சாகும் தறுவாயில் ஜான் மனைவியிடம் கேட்டுக்கொண்டது. விறகுக்கும் பலகைக்கும் அலைந்த காலத்தில் அது லேசான காரியமா? ஜேன் காப்பாற்றினார். 1914-ல் அந்தக் குடும்பம் 16 ஏக்கர் காட்டை ஊருக்கே எழுதிக் கொடுத்துவிட்டது.

போன சனிக்கிழமை சந்தைப் பையோடு உள்ளே போனேன். கஹிகாத்தியா மரங்கள், சிலதுக்கு 600 வயது இருக்கும் என்கிறார்கள். அடிமரம் தூண் தூணாகப் பிரிந்து மண்ணில் இறங்குகிறது. நாலைந்து நிமிடத்தில் சந்தை இரைச்சல் அடங்கிவிட்டது. மேலே எங்கோ ஒரு கெரெரு புறா படபடவென்று சிறகடித்துக் கிளை மாறி உட்கார்ந்தது.