பேச்சிப்பாறையிலிருந்து மேல் கோதையாறு வரை நடக்கலாமா?

தூத்துக்குடி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "டிசம்பர் கடைசி வாரம் நானும் கணவரும் கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் குமரி மாவட்ட மலைக்காட்டில் மூன்று நாள் நடக்க விரும்புகிறோம். காடு, மலை, ஏரி மூன்றும் வேண்டும். பேச்சிப்பாறை அணையிலிருந்து மேல் கோதையாறு ஏரி வரை நடந்து ஏறி, அப்படியே மாஞ்சோலை பக்கம் இறங்கலாமா? ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாமா? வழிகாட்டி அவசியமா?"

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: முடியாது. தயவுசெய்து முயற்சியும் செய்யாதீர்கள். வரைபடத்தில் பார்க்க அந்த வழி ஆசை காட்டும். கீழ் கோதையாறு வரை சாலை தெரியும், அதற்கு மேல் மலை, மலைமேல் ஒரு நீலத்திட்டு, அந்தப் பக்கம் மாஞ்சோலைச் சாலை. ஆனால் பேச்சிப்பாறைக்கு மேலே இருப்பது கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்பு. அதைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டுக்குள்ளும் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். கீழ் கோதையாற்றிலிருந்து மேலே போகும் வின்ச்சும் (கம்பிவடத்தால் இழுக்கப்படும் வண்டி) மின்வாரிய ஊழியர்களுக்காக அமைத்தது, சுற்றுலாவுக்கு அல்ல. சட்டத்தை விடுங்கள், இன்னொரு காரணம் போதும். கேரளத்தில் பிடிபட்டு, தேனி மாவட்டத்தையும் கலங்கடித்த அரிக்கொம்பன் யானையை 2023 ஜூனில் கொண்டுபோய் விட்டது இந்த மேல் கோதையாறு முத்துக்குழிவயல் காட்டில்தான். அவனைத் தவிர எத்தனையோ யானைகளுக்கும் அதுவே வீடு.

மேல் கோதையாறுக்குச் சாலை இருப்பது திருநெல்வேலி மாவட்டப் பக்கத்திலிருந்து: மணிமுத்தாறு, மாஞ்சோலை, நாலுமுக்கு, குதிரைவெட்டி வழியாக. அதற்கும் அம்பாசமுத்திரத்தில் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். அது தனிப் பயணம். இந்த மூன்று நாளில் அதைத் திணிக்க வேண்டாம்.

கூடாரமும் வேண்டாம். அணைக்கரை காலியாகக் கிடக்கிறதே என்று தோன்றும். யானையும் காட்டெருமையும் மாலையில் தண்ணீருக்கு இறங்கும் இடம் அதுதான். அணை நிர்வாகமும் இரவில் தங்க விடாது. குலசேகரத்திலோ நாகர்கோவிலிலோ அறை எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் கிளம்பி, இருட்டுமுன் திரும்புங்கள்.

சரி, அப்படியானால் எங்கே நடப்பது? நீங்கள் ஏரி என்று கேட்பது எங்கள் பக்கம் மூன்று வகையாகக் கிடைக்கிறது: மலையடி அணைகள், காட்டாற்றுக் கயங்கள் (ஆற்றில் ஆழமாக நீர் தேங்கும் இடங்கள்), சமவெளிக் குளங்கள். மூன்றையும் மூன்று நாளில் பார்த்துவிடலாம். காடு என்று பெயர் வாங்கிய நடையை மட்டும் வனத்துறை வழிகாட்டியோடு நடங்கள்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற இணையப் பதிவு முறை தொடங்கியது. மாநிலம் முழுக்க 14 மாவட்டங்களில் 40 தடங்கள், குமரி மாவட்டத்துத் தடங்களும் அதில் உண்டு. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். பலரும் அந்தக் காட்டையொட்டியே வளர்ந்தவர்கள். நான்கு பேருக்கும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், டிசம்பர் கடைசி வாரம் எல்லோருக்கும் விடுமுறை. அடுத்த முறை வரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்று தடங்களை மூடிவிடுவார்கள்.

காட்டு நடைக்கு நான் சொல்வது கீரிப்பாறை, காளிகேசம் பக்கம். நாகர்கோவிலிலிருந்து தடிக்காரன்கோணம் வழியாகப் போக வேண்டும். வடசேரி பஸ் நிலையத்திலிருந்து கீரிப்பாறைக்கு பஸ் இருக்கிறது. ரப்பர் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி. அங்கே பை, பிளாஸ்டிக் எல்லாம் பார்ப்பார்கள், மது பாட்டில் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது நல்லதுதான். உள்ளே ஆற்றங்கரையில் காளி கோயில், பாறைகளுக்கிடையே தெளிந்த தண்ணீர், மேலே அசம்பு மலைத்தொடர். நாகர்கோவில் வெயிலிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இப்படியொரு நிழலுக்குள் வந்துவிடுவதுதான் இந்த மாவட்டத்தின் பெரிய அதிர்ஷ்டம் என்று நான் நினைக்கிறேன். மாவட்டப் பரப்பில் கிட்டத்தட்ட 30 சதவீதம் காடு. கடற்கரையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், தண்ணீர். மலை நடை என்றால் பலரும் தொலைவையும் ஏற்றத்தையும் பற்றித்தான் கவலைப்படுவார்கள். இந்த மலையில் ஆளைக் கொல்வது ஏற்றம் அல்ல, மேலே பெய்யும் மழை. தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நன்றாகப் பெறும் மாவட்டம் இது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஐந்தாறு கிலோமீட்டர் மேலே கொட்டிக்கொண்டிருக்கும். சரிவு செங்குத்து என்பதால் அந்தத் தண்ணீர் கீழே வர அதிக நேரம் ஆகாது. குளிக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். தெளிந்திருந்த நீர் சட்டென்று கலங்குவது, காய்ந்த இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, ஆற்றின் இரைச்சல் தடிப்பது. மூன்றில் ஒன்று தெரிந்தாலும் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்காமல் கரையேறுங்கள். நீங்கள் வந்த கரை எதுவோ அதே கரையில் ஏறுங்கள். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டவர்களைத்தான் கயிறு கட்டி மீட்க வேண்டி வருகிறது.

கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே நாளிதழில் குமரி மாவட்ட அணைகளின் நீர்மட்டத்தைப் பார்த்து வாருங்கள், தினமும் போடுவார்கள். அணைகளின் முழு நீர்மட்டம் இது: பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு அணைகள் தலா 18 அடி. பேச்சிப்பாறை 45ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது என்றால் உபரிநீர் எப்போது வேண்டுமானாலும் கோதையாற்றில் திறக்கப்படலாம். திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள், காளிகேசத்தையும் மூடலாம். டிசம்பர் கடைசி பொதுவாக நல்ல காலம்: மழை ஓய்ந்திருக்கும், காடு பச்சையாக இருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும். ஆனால் 2023இல் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது டிசம்பர் 17, 18 தேதிகளில். உங்கள் தூத்துக்குடிக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. பயணத்தை ஜனவரி நடுவுக்குத் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

அணைகளைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள். பேச்சிப்பாறை திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், 1897 முதல் 1906 வரை கட்டப்பட்டது. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அணைக்கு அருகிலேயே இருக்கிறது. காலையில் வெயில் ஏறுமுன் அணைப்பகுதியில் நின்றால் தண்ணீருக்கு அப்பால் மலை அடுக்கடுக்காகத் தெரியும். மறுகரையில் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. படகில் அவர்கள் பள்ளிக்கும் ரேஷனுக்கும் வந்து போவதைப் பார்ப்பீர்கள். ஊருக்குள் போய்ப் படம் எடுக்கும் எண்ணம் வேண்டாம். அது அவர்கள் வாழும் இடம். அங்கிருந்து கடையாலுமூடு வழியாகச் சிற்றாறு அணைக்குப் போகலாம். ரப்பர் மரங்களுக்கு நடுவில் நீர் கைவிரல்களாகப் பிரிந்து கிடக்கும், கூட்டமும் குறைவு. குடும்பத்தோடு ஒரு மணி நேரம் சாலையோரமாக நடக்க எனக்குத் தெரிந்து இதைவிட இதமான இடம் இந்தப் பக்கம் இல்லை. அதே நாளில் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் கால்வாய்த் தண்ணீர் போகிறது, பக்கத்திலேயே நடைபாதை. உயரம் என்றால் தலைசுற்றுபவர்கள் கீழேயே நின்று பார்க்கலாம்.

மூன்றாம் நாள் சமவெளிக் குளங்கள். விடியும்போது தேரூர் குளத்தில் இருங்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி 2022இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, வலசைப் பறவைகளுக்கு உங்கள் மாதம் சரியான மாதம். வெயில் ஏறுமுன் அங்கிருந்து பொற்றையடி மருந்துவாழ்மலைக்குப் போய்விடுங்கள். காடு அடர்த்தி இல்லை, வெறும் பாறையும் புதரும்தான். பாதையில் படிகளும் உண்டு. நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை மேலே இருக்கிறது. உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலைத்தொடர், நடுவில் வயலும் குளமும். மூன்று நாள் நடந்த நிலம் முழுக்க ஒரே பார்வையில் விளங்கும். கால் வலித்தால் இதற்குப் பதிலாகச் சிதறால் மலை போகலாம். 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள், கல் பாவிய எளிய பாதை.

கொண்டுபோக வேண்டியவை அதிகம் இல்லை. நன்றாகப் பிடிக்கும் அடிப்பாகமுள்ள காலணி, முழுக்கால் சட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், டார்ச். அட்டைப்பூச்சிக்கு நீளக் காலுறையைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு, புகையிலை ஊறவைத்த தண்ணீரைத் தடவிக்கொண்டால் போதும். கடித்தால் பிய்க்காதீர்கள், உப்பு வைத்தால் தானே விழும். பாம்பைப் பற்றி ஒரு சொல்: ரப்பர் தோட்டச் சருகுக்குள் மூக்கு மேல்தூக்கிய சிறு விரியன் ஒன்று உண்டு. நம் நாட்டில் கிடைக்கும் பொதுவான விஷமுறிவு மருந்து அதன் விஷத்துக்கானது அல்ல. அதனால் சருகில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், பார்க்காமல் உட்காராதீர்கள். எந்தப் பாம்பு கடித்தாலும் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108ஐ அழைத்து, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

கீரிப்பாறைக்கு மேலே போனில் சிக்னலை நம்ப முடியாது. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சாவடியிலும் தங்கும் விடுதியிலும் சொல்லிவிட்டு ஏறுங்கள். காட்டுப்பாதையில் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள், அதற்கு மேல் கணக்குப் போட்டால் பொய்க்கும். மாலை நான்கு மணிக்குள் சாவடிக்கு இப்பால் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தச் சாலை யானைக்கு உரியது. பஸ்ஸில் போவதாக இருந்தால் காலையில் இறங்கும்போதே நடத்துனரிடம் திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.