கினிபிக் குட்டிகள் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். முழுப் பரீட்சை முடிந்ததும் வாங்கித் தருவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடி கினிபிக் குட்டிகள் வாங்கி வந்தோம். ஐந்து வார வயது என்றார் கடைக்காரர். வந்த நாளிலிருந்து அட்டைப்பெட்டிக்குள்ளேயே பதுங்கிக் கிடக்கின்றன. மகள் கையை நீட்டினால் மூலைக்கு ஓடிவிடுகின்றன. சாதம், கேரட், முயல் தீனி போடுகிறோம். ராத்திரியில் கொஞ்சம் தின்றிருப்பது தெரிகிறது. பயம் எப்படிப் போகும்?

பதில்: பயம் போய்விடும், அதற்கு வருகிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வார்த்தைகள் இரண்டு: 'ஜோடி', 'சாதம்'.

ஜோடி என்றால் ஒரு ஆண், ஒரு பெண் என்று எடுத்துக்கொள்கிறேன். லவ் பேர்ட்ஸ் விற்ற பழக்கத்தில் இவற்றையும் கடைகளில் அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். பெண் கினிபிக் 4, 5 வாரத்திலேயே சினைக்கு வந்துவிடும். சினைக்காலம் 59 முதல் 72 நாள். குட்டிகள் கண் திறந்து, முழு ரோமத்தோடு, பல்லும் முளைத்துப் பிறப்பவை, அதனால் வயிற்றிலேயே பெரிதாக வளர்ந்துவிடும். தானே இன்னும் குட்டியாக இருக்கிற தாய் அதைத் தாங்காமல் போகலாம். தாங்கினாலும், ஈன்ற அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கும்.

ஆகவே இன்றே கூண்டின் நடுவில் கம்பிவலைத் தடுப்பு வையுங்கள். தனித்தனி அறையில் வைத்துவிடாதீர்கள். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பக்கத்திலிருந்து வந்த, கூட்டமாக வாழும் விலங்கு இது, துணையில்லாமல் ஏங்கிப்போகும். கினிபிக்கை ஒற்றையாக வளர்க்கக் கூடாது என்று சுவிட்சர்லாந்தில் 2008 முதல் சட்டமே இருக்கிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம் துணை தெரிந்து, மணமும் குரலும் எட்டினால் போதும். அப்புறம் இந்த வாரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆணா பெண்ணா என்று பாருங்கள். கடையில் சொன்னதை நம்ப வேண்டாம். 'இரண்டும் பெண்' என்று வாங்கிப் போனவர்கள் இரண்டு மாதம் கழித்துக் குட்டிகளோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே பாலினம் என்றால் தடுப்பை எடுத்துவிடலாம். இல்லையென்றால் ஒன்றை மாற்றி, இரண்டு பெண்ணாக வைத்துக்கொள்வது சுலபம். ஆணுக்குக் கருத்தடை செய்யலாம், ஆனால் இந்த விலங்கில் கைப்பழக்கம் உள்ள மருத்துவர்தான் செய்ய வேண்டும். செய்த பிறகும் சில வாரம் பிரித்தே வைக்க வேண்டும்.

சாதத்தை இன்றோடு நிறுத்துங்கள். பிஸ்கட், பருப்பு, பால் எதுவும் வேண்டாம். இதன் வயிறு புல்லுக்கென்றே அமைந்தது, பல்லும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை மென்று மென்றுதான் தேயும். காய்ந்த புல் எந்நேரமும் முன்னால் இருக்க வேண்டும். பிள்ளையார் கோயில் வாசலில் கட்டாக விற்கிறார்களே, அந்த அருகம்புல் அருமையான தீனி. நன்றாக அலசிக் கொடுங்கள். மாட்டுத் தீவனப்புல், குதிரைமசால் கிடைத்தாலும் நல்லது. குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், வளரும் குட்டிக்கு ஆகும், 6 மாதம் தாண்டினால் குறைத்துவிட வேண்டும். வைக்கோலில் சத்து இல்லை. பச்சைப் புல்லை முதல் நாளே அள்ளிப் போட்டால் கழிச்சல் வரும், ஒரு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள்.

இன்னொன்று: மனிதரைப் போலவே கினிபிக்கும் உடம்பில் வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளாது. முயல் தயாரித்துக்கொள்ளும், அதனால் முயல் தீனியில் அது சேர்த்திருக்காது. அது கிடைக்காவிட்டால் சில வாரத்தில் மூட்டு வீங்கி, நடக்கவே மறுக்கும். தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி, எப்போதாவது ஒரு சின்னக் கொய்யாத் துண்டு போதும். தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பது வீண்: சத்தும் சீக்கிரம் போய்விடும், ருசி மாறினால் தண்ணீரையே குடிக்காது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடாது.

சரி, பயம். பதுங்குவது அவற்றின் பிழைப்பு. மேலிருந்து வருகிற கை அவற்றுக்குப் பருந்துதான். பெட்டியைப் பிடுங்கிவிடாதீர்கள், ஆளுக்கு ஒரு பெட்டியாக, ஒவ்வொன்றிலும் இரண்டு வாசல் வெட்டி வையுங்கள். இன்னும் மூன்று நாள் தொடவே வேண்டாம். மகள் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாடமோ கதையோ வாய்விட்டுப் படிக்கட்டும். பிறகு கொத்தமல்லித் தண்டை விரலில் பிடித்து, பக்கவாட்டில், தரையோடு தரையாக நீட்டட்டும். பிடுங்கிக்கொண்டு ஓடினாலும் அது முன்னேற்றம்தான். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்பக்கத்தைத் தாங்க வேண்டும். சிறு பிள்ளைகள் உட்கார்ந்துதான் வைத்திருக்க வேண்டும், குதித்தால் கால் ஒடியும். சில வாரத்தில் ஃபிரிட்ஜ் கதவு சத்தத்துக்கே 'வீக் வீக்' என்று கத்தும். காரணமே இல்லாமல் துள்ளிக் குதித்தால் சந்தோஷம் என்று அர்த்தம், வலிப்பு என்று பதறி ஓடிவருகிறவர்கள் உண்டு.

மதுரையில் மே மாதத்தில் பயத்தை விட வெயில் ஆபத்தானது. 27, 28 டிகிரியைத் தாண்டினாலே திணறும். மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை வேண்டவே வேண்டாம். வீட்டின் குளிர்ந்த மூலையில், படுக்க ஒரு தரை டைல், துணி சுற்றிய ஐஸ் பாட்டில் வையுங்கள். கூண்டின் தரை கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும், செய்தித்தாளின் மேல் துண்டு விரியுங்கள். இரண்டுக்கும் சேர்த்து 4 அடிக்கு 2 அடியாவது இடம் வேண்டும்.

சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். குட்டிக்கு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சாதாரணமான அமாக்சிசிலின் வாய்வழி போனால் இதன் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து உயிருக்கே ஆபத்தாகும்.